மெல்ல வளரும் முருகைக்கல்: வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவிலும் காயங்கேணியிலும் முகமூடி அணிந்து நீந்தியவர்கள் இரு வகை முருகைகளைப் பார்த்திருப்பார்கள். ஒன்று, மான்கொம்பு போலக் கிளைவிட்ட அக்ரோபோரா. மற்றது, உருண்டு திரண்டு பாறை போலக் கிடக்கும் போரைட்டீஸும் மூளை மடிப்புள்ள முருகைகளும். கிளை முருகை நல்ல சூழலில் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேலும் நீளும். உருண்டை போரைட்டீஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் தடிக்கும். மூளை முருகைகளில் பல அந்த அளவைக்கூட எட்டுவதில்லை. ஆள் உயரம் நிற்கும் ஒரு போரைட்டீஸ் குன்று நூறாண்டைக் கடந்ததாக இருக்கலாம்.

இந்த அத்தியாயம் அந்த இரண்டாம் வகையை வீட்டுத் தொட்டியில் நலமாக வளர்ப்பது பற்றியது. முதலில் ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: மெல்ல வளரும் முருகைக்குக் கூடுதல் வெளிச்சமோ, கூடுதல் உணவோ, விலை கூடிய மருந்தோ தேவையில்லை. இன்று இருக்கும் நீர் நாளையும் அப்படியே இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த நிலைத்தன்மைக்காகவே.

தொடங்குமுன்: சட்டம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. கடலிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. இலங்கையில் கல் முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 திருத்தம் தடைசெய்தது. காயங்கேணிக் கடற்பகுதி 2019-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.
2. இலங்கையில் கல்வி, காட்சி, ஆய்வு ஆகிய தேவைகளுக்காகத் தொட்டி வைக்க விரும்பினால், முதலில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தை அணுகுங்கள். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை முருகை வாங்க வேண்டாம்.
3. தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க: இந்தியாவில் கல் முருகைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன. வைத்திருப்பதே குற்றமாகலாம்.
4. கனடா, பிரித்தானியா, சுவிஸ் போன்ற நாடுகளில் வாழ்பவர்கள் தொட்டியிலேயே வளர்த்துப் பிரித்த துண்டுகளை மட்டும் வாங்குங்கள். கல் முருகைகள் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளதால், எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வந்து திரும்பும்போது கரையில் ஒதுங்கிய செத்த துண்டைப் பையில் போடுவதும் இதில் அடங்கும்.

குறிப்பு: விற்பவரிடம் "தாய் முருகை உங்கள் தொட்டியில் இருக்கிறதா, காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். தானே வளர்த்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

எந்த இனத்தில் தொடங்குவது?

மூளை மடிப்புள்ள ஃபேவைட்டீஸ், பிளாட்டிஜைரா, கோனியாஸ்ட்ரேயா வகைகள் முதலில் பழக ஏற்றவை. சதைப்பிடிப்பான லோபோஃபிலியாவும் நல்ல தெரிவு. உருண்டை போரைட்டீஸ் இவற்றைவிடச் சற்றுக் கூடுதல் வெளிச்சம் கேட்கும். தொட்டி ஓர் ஆண்டைத் தாண்டிய பிறகு அதை வாங்குங்கள். கலக்சியா அழகானது, ஆனால் அயலாரைத் தாக்கும். அதற்கு இடம் ஒதுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தொட்டியை ஆயத்தப்படுத்தல்

1. 200 லீற்றருக்குக் குறையாத தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். நீர் குறைந்தால் வெப்பமும் உப்பும் விரைவாக ஏறி இறங்கும்.
2. வெயில் நேரே படாத, உள்சுவர் ஓரமான இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம்.
3. ஆர்ஓ வடிகட்டியில் எடுத்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். கிணற்று நீரில் இரும்பும் நைத்திரேற்றும் இருக்கலாம், குழாய் நீரில் குளோரீன் இருக்கும்.
4. முருகைத் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒரு நாள் முழுவதும் நீரோட்டப் பம்பியால் கலக்கவிடுங்கள். பிறகுதான் அளக்க வேண்டும்.
5. தொட்டியை நிரப்பி, கல்லும் மணலும் வைத்து, மீனில்லாமல் ஓடவிடுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு இறங்க வழக்கமாக 4 முதல் 6 கிழமைகள் ஆகும்.
6. அதன்பின் ஓரிரு சிறு மீன்களும் நத்தைகளும் விடுங்கள். முருகைக்கு இன்னும் காத்திருங்கள்.
7. கல்லிலும் கண்ணாடியிலும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி பரவத் தொடங்கினால் நீர் பதமாகிவருகிறது என்று கொள்ளலாம். பெரும்பாலான தொட்டிகளுக்கு இதற்கு ஆறு மாதமாவது பிடிக்கும்.

வழக்கமான தவறு 1: வாவித் தண்ணீர். வாழைச்சேனை வாவி நீர் மாரி மழையில் நன்னீராகிக் கோடையில் உவர்க்கும். வயல் உரமும் ஊர்க் கழிவும் அதில் வந்து சேரும். தொட்டிக்கு அது உதவாது.

வழக்கமான தவறு 2: உப்பளத்து உப்பு. உப்பளப் பாத்திகளில் கடல்நீர் வற்றும்போது கல்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முதலில் படிந்துவிடும். மக்னீசியம் கடைசியில் வெளியேற்றப்படும் கசப்பு நீரோடு போய்விடும். எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே. ஆனையிறவு உப்பு சமையலுக்கு நல்லது. முருகை அதில் எலும்புக்கூடு கட்ட முடியாது.

நீரின் அளவுகள்

இந்த எண்களை எழுதித் தொட்டியின் அருகே ஒட்டிவையுங்கள்.

- வெப்பம்: 25 முதல் 27 பாகை செல்சியஸ். ஒரு நாளில் 1 பாகைக்கு மேல் மாறக் கூடாது.
- உவர்ப்பு: ஆயிரத்துக்கு 35
- பீஎச்: 7.9 முதல் 8.4
- காரத்தன்மை: 8 முதல் 9 டிகேஎச் (dKH)
- கல்சியம்: லீற்றருக்கு 400 முதல் 440 மில்லிகிராம்
- மக்னீசியம்: லீற்றருக்கு 1280 முதல் 1350 மில்லிகிராம்
- நைத்திரேற்று: லீற்றருக்கு 2 முதல் 10 மில்லிகிராம்
- பொசுபேற்று: லீற்றருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம்

எண் சற்றுத் தள்ளியிருந்தால் பதறித் திருத்த வேண்டாம். காரத்தன்மை 7.5-இல் அசையாமல் நிற்கும் தொட்டி, 7-க்கும் 10-க்கும் இடையே ஊசலாடும் தொட்டியைவிட மேலானது. திருத்தியே ஆக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு அரை டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் பூச்சியமாக்க முயல வேண்டாம். முருகையின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அவை சிறிதளவு வேண்டும். இரண்டும் இல்லாத நீரில் முருகை வெளிறி மெலியும்.

குறிப்பு: உவர்ப்புமானியை 35 அளவுள்ள நியமக் கரைசலால் சரிபாருங்கள். வெறும் நன்னீரில் பூச்சியத்துக்கு வைத்த கருவி, கடல்நீரில் பிழையாகக் காட்டக்கூடும்.

துண்டை வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

1. அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் மங்கலாக்குங்கள்.
2. பையைத் திறக்காமல் 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள்.
3. துண்டைப் பையிலுள்ள நீரோடு ஒரு வாளிக்கு மாற்றி, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் சேருங்கள்.
4. முருகைக்கென்று விற்கும் நனைப்பு மருந்தில், போத்தலில் எழுதிய அளவுக்கும் நேரத்துக்கும் நனையுங்கள். விழுந்த புழுக்களையும் ஓடில்லா நத்தைகளையும் அந்த நீரோடு கொட்டிவிடுங்கள்.
5. அடிப்பக்கத்தைக் கைவிளக்கால் பாருங்கள். முட்டைகளைச் சுரண்டி எடுங்கள், மருந்து முட்டையைக் கொல்லாது.
6. தனித் தொட்டியில் 4 கிழமைகள் வைத்துக் கவனியுங்கள்.
7. முதன்மைத் தொட்டிக்கு மாற்றும்போது முதலில் அடித்தளத்தில், மங்கலான மூலையில் வையுங்கள்.
8. இடம் உறுதியான பிறகே ஒட்டுங்கள். ஒட்டியபின் இடம் மாற்றாதீர்கள்.

வழக்கமான தவறு 3: ஒவ்வொரு கிழமையும் "இங்கே நன்றாக இருக்குமோ, அங்கே நன்றாக இருக்குமோ" என்று நகர்த்துவது. ஒவ்வொரு இடத்தின் ஒளிக்கும் ஓட்டத்துக்கும் முருகை தன்னைப் பழக்கிக்கொள்ளக் கிழமைகள் எடுக்கும். நகர்த்திக்கொண்டே இருந்தால் வளர்ச்சிக்குப் போக வேண்டிய பலமெல்லாம் பழகுவதிலேயே தீரும்.

ஒளியும் நீரோட்டமும்

மூளை முருகைகளுக்கும் லோபோஃபிலியாவுக்கும் 80 முதல் 150 பார் (PAR) அளவு ஒளி போதும். போரைட்டீஸுக்கு 150 முதல் 250. பார் அளவி இல்லாதவர்கள் மீன்தொட்டிச் சங்கத்திலோ கடையிலோ இரவல் கேளுங்கள். ஒருமுறை அளந்தால் போதும்.

1. புதிய துண்டு வந்ததும் விளக்கின் வலுவை மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள்.
2. கிழமைக்கு 5 முதல் 10 வீதம் கூட்டுங்கள்.
3. மொத்த ஒளி நேரம் நாளுக்கு 8 முதல் 10 மணி. நேரக் கருவியில் பூட்டிவிடுங்கள்.
4. நிறம் வெளுத்தால் ஒரு படி குறையுங்கள். கபில நிறமாக இருண்டால் ஒரு படி கூட்டலாம்.

நீரோட்டம் மிதமாக, திசை மாறி மாறி வர வேண்டும். பம்பியின் வாய் முருகையை நேரே நோக்கக் கூடாது, சதை கிழிந்து எலும்பு தெரியும். மேற்பரப்பில் மணலும் கழிவும் தங்கினால் ஓட்டம் போதவில்லை.

கல்சியமும் காரத்தன்மையும் ஊட்டல்

முருகை எலும்பு கட்டும்போது இரண்டும் சேர்ந்தே குறையும். லீற்றருக்கு 20 மில்லிகிராம் கல்சியம் போனால் ஏறத்தாழ 2.8 டிகேஎச் காரத்தன்மையும் போகும். ஒன்றை மட்டும் ஊட்டினால் மற்றது சரியும். மெல்ல வளரும் முருகைகள் சில மட்டுமே உள்ள தொட்டியில் குறைவு சிறிதாகத்தான் இருக்கும். ஆகவே முதலில் அளவு பார்த்து, பிறகு ஊட்டுங்கள்.

1. ஒன்றும் சேர்க்காமல், ஒரே நேரத்தில், மூன்று நாள் காரத்தன்மையை அளங்கள்.
2. நாளுக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுங்கள்.
3. குறைவு மிகச் சிறிதென்றால் கிழமைக்கு 10 வீத நீர் மாற்றமே போதும்.
4. அதற்கு மேல் என்றால் சுண்ணாம்பு நீர் தொடங்குங்கள். தூய கல்சியம் ஐதரொட்சைட்டு 1.5 கிராமை 1 லீற்றர் ஆர்ஓ நீரில் கலக்கி, மூடி, தெளியவிடுங்கள்.
5. தெளிந்த மேல்நீரை மட்டும், ஆவியாகும் நீருக்கு ஈடாக, இரவில் துளித்துளியாக இறக்குங்கள். இரவில் பீஎச் தாழும், சுண்ணாம்பு நீர் அதைத் தாங்கும்.
6. பீஎச் 0.2-க்கு மேல் ஏறினால் துளியின் வேகத்தைக் குறையுங்கள்.

வழக்கமான தவறு 4: வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைப்பது. அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தூய்மை குறிப்பிட்ட பொதியை மட்டும் வாங்குங்கள்.

உணவு

1. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முருகையின் கொட்டும் கைகள் விரிந்திருந்தால் அது உண்ண ஆயத்தம்.
2. இறாலை ஓடு நீக்கி, கழுவி, சில நாள் உறைநிலையில் வைத்து, முருகையின் வாயைவிடச் சிறிய துணுக்காக அரியுங்கள்.
3. பம்பியை நிறுத்தி, குழாய்ப் பிலிற்றியால் கைகளின் மேல் மெதுவாக வையுங்கள்.
4. கிழமைக்கு ஒரு முறை, கூடினால் இரு முறை.
5. அரை மணிக்குள் விழுங்காததை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.
6. பம்பியை மீண்டும் போட மறக்காதீர்கள். நேரக் கருவியில் இதையும் சேர்ப்பது நல்லது.

வெக்கை, கச்சான், மின்வெட்டு

கிழக்குக் கரையில் தொட்டி வைப்பவருக்கு இதுவே பெரிய சோதனை. கடல்நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 பாகை கூடி, சில கிழமைகள் அப்படியே நின்றால் முருகை நுண்பாசியை இழந்து வெளிறும். 1998-லும் 2016-லும் இலங்கைக் கடலில் இதுதான் நடந்தது. உருண்டை முருகைகள் கிளை முருகைகளைவிடப் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் இழந்த திசுவை மீட்க அவற்றுக்கு ஆண்டுகள் வேண்டும்.

1. நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று வீசும்படி ஒரு சிறு மின்விசிறியைப் பொருத்துங்கள். 2 பாகை வரை குறையும்.
2. கச்சான் வீசும் மாதங்களில் காற்று வறண்டிருப்பதால் விசிறி நன்றாக வேலை செய்யும். ஆனால் நீரும் வேகமாக ஆவியாகி உவர்ப்பு ஏறும். தினமும் ஆர்ஓ நீரால் நிரப்புங்கள். உப்பு நீரால் நிரப்பினால் உவர்ப்பு மேலும் ஏறும்.
3. மாரிக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்து விசிறியின் பயன் குறையும். அப்போது நீர் குறைவாகவே ஆவியாகும் என்பதால் நிரப்பும் அளவையும் சுண்ணாம்பு நீரையும் மறுபடி கணக்கிடுங்கள்.
4. அறையே 30 பாகைக்கு மேல் நிற்குமானால் குளிரூட்டி இல்லாமல் தொடங்காதீர்கள்.
5. மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி இரண்டை எப்போதும் மின்னேற்றி வையுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியொரு நாளுக்கு ஆயத்தமாயிருங்கள்.
6. மின்வெட்டில் முதலில் காற்றோட்டம், அடுத்து வெப்பம், கடைசியில்தான் ஒளி. ஒரு நாள் இருட்டை முருகை தாங்கும். ஒட்சிசன் இல்லாத தேங்கிய நீரைத் தாங்காது.
7. பனிக்கட்டியைத் தொட்டியில் நேரே போடாதீர்கள். மூடிய போத்தலில் உறையவைத்து மிதக்கவிடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

இடைவெளி

மூளை முருகைகளும் கலக்சியாவும் இரவில் நீண்ட கொட்டும் கைகளை நீட்டிப் பக்கத்து முருகையை எரிக்கும். இரு இனங்களுக்கிடையே 15 சென்ரிமீற்றரும், கலக்சியாவைச் சுற்றி 25 முதல் 30 சென்ரிமீற்றரும் விடுங்கள். இன்று வெறுமையாகத் தெரியும் இடம் பத்தாண்டு வளர்ச்சிக்கு வேண்டிய இடம்.

வளர்கிறதா என்று அறிதல்

கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி பொறுமையைச் சோதிக்கும், தேவையற்ற மாற்றங்களுக்குத் தூண்டும். ஆகவே அளந்து பாருங்கள்.

1. மாதத்தின் முதல் நாள், ஒரே கோணத்தில், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள்.
2. தனித் தட்டில் ஒட்டிய துண்டென்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீருக்குள்ளேயே தொங்கவிட்டு நிறுங்கள். தராசைத் தொட்டியின் மேல் வைத்து, அதன் அடிக் கொக்கியில் நூலைக் கட்டித் துண்டைத் தொங்கவிட வேண்டும். நீருக்குள் சதையின் எடை பெரிதாகத் தெரியாது, எலும்பின் எடையே தெரியும்.
3. ஒவ்வொரு முறையும் வெப்பமும் உவர்ப்பும் ஒன்றாக இருக்கும்போது நிறுங்கள்.
4. விளிம்பில் மெல்லிய வெளிர் கோடு தெரிந்தால் புதுத் திசு பரவுகிறது.

நோய்க்குறியும் செய்யவேண்டியதும்

- முழுதும் வெளுத்தல்: வெப்பத்தையும் ஒளியையும் பாருங்கள். ஒளியைக் குறைத்து, உணவைச் சிறிதளவு கூட்டுங்கள்.
- அடியிலிருந்து சதை உரிதல்: காரத்தன்மை திடீரென மாறியிருக்கலாம். அளந்து, மெதுவாகத் திருத்துங்கள்.
- ஒரு பக்கம் மட்டும் எரிந்திருத்தல்: இரவில் கைவிளக்கால் அயல் முருகையைப் பாருங்கள்.
- கபிலக் கூழ் படர்தல்: உடனே தனித் தொட்டிக்கு மாற்றி, கூழை உறிஞ்சி எடுத்து, நனைப்பு மருந்து கொடுங்கள். மற்றவற்றுக்கும் பரவக்கூடும்.

எப்போதும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, இரு கிழமை காத்திருங்கள்.

உங்கள் பாதுகாப்பு

1. தொட்டிக்கான மின்னிணைப்பை, கசிவு ஏற்பட்டதும் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வழியே கொடுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கட்டும். நீர் வயர் வழியே வழிந்தாலும் பிளக்கை எட்டாது.
2. கையை நீரில் விடுமுன் சூடாக்கியையும் பம்பியையும் நிறுத்துங்கள்.
3. பொத்தான் வடிவப் பலித்தோவா முருகைகளில் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.
4. தொட்டிக் கல்லை ஒருபோதும் கொதிக்கவைக்காதீர்கள். ஆவியோடு அந்த நஞ்சு மூச்சில் ஏறி, வீட்டிலுள்ள எல்லோரையும் வைத்தியசாலைக்கு அனுப்பலாம்.
5. சுண்ணாம்புத் தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கண்ணாடியும் அணியுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமாவது கழுவி, வைத்தியரிடம் போங்கள்.
6. முருகை கீறிய காயத்தை உடனே சுத்தமான நீரால் கழுவுங்கள். சிவந்து வீங்கினால் காத்திருக்க வேண்டாம்.
7. தொட்டி நீரையோ உயிரினத்தையோ கடலிலும் வாவியிலும் கொட்டாதீர்கள். அயல் நோயும் அயல் இனமும் அதன் வழியாகவே பரவும்.

தொட்டி வைக்க முடியாதவர்களுக்கு

அனுமதியோ வசதியோ இல்லாதவர்கள் வாழைச்சேனையிலிருந்து சற்றுத் தூரத்திலேயே உள்ள இயற்கைத் திட்டுகளைக் காக்கலாம். இந்த வேலைக்கு மின்சாரம் தேவையில்லை.

1. பாசிக்குடாவில் நீந்தும்போது முருகை மேல் நிற்காதீர்கள். ஒரு மிதியில் உடையும் சதை மூடப் பல மாதங்கள் ஆகும்.
2. கண்ணாடி அடிப் படகில் போனால், நங்கூரத்தை மணலில் இறக்கும்படி படகோட்டி அண்ணனிடம் முதலிலேயே சொல்லுங்கள். கடல் வற்றும் நேரத்தில் திட்டின் மேல் செல்ல வேண்டாம் என்றும் கேளுங்கள்.
3. திட்டில் சிக்கிய வலையைப் பிடித்து இழுக்காதீர்கள். கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி எடுங்கள்.
4. மீனுக்குப் பாண் போடாதீர்கள்.
5. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே உருண்டை முருகையை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். வெளிறுதல் கண்டால் வனசீவராசிகள் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

கால அட்டவணை

- தினமும்: வெப்பம் பார்த்தல், ஆர்ஓ நீர் நிரப்பல்.
- கிழமைக்கு ஒருமுறை: காரத்தன்மை, உவர்ப்பு, நைத்திரேற்று அளத்தல், 10 வீத நீர் மாற்றம், உணவு.
- மாதம் ஒருமுறை: கல்சியம், மக்னீசியம், பொசுபேற்று, படம், பம்பி துப்புரவு.
- மூன்று மாதத்துக்கு ஒருமுறை: எடை நிறுத்தல், மின்கலப் பம்பியை ஓடவிட்டுச் சோதித்தல், உவர்ப்புமானியைச் சரிபார்த்தல்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் தொட்டியைப் பார்க்கும் தம்பியோ தங்கையோ அதை வாசித்து அப்படியே செய்ய முடிய வேண்டும். இந்த முருகை உங்கள் பிள்ளைகளின் காலம்வரை வளரக்கூடியது. அவர்களையும் இன்றிலிருந்தே அளக்கப் பழக்குங்கள்.